முட்டி இடித்த மேசை

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், புகைந்துபோன மிக்சி எது வந்தாலும் பிரித்துப் போட்டு, கருகின கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, குண்டு பல்பின் சூட்டில் காயவைத்துக் கொடுப்பார். மரவேலை அவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பழக்கமும் கிடையாது. எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டபோது, தச்சரிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மேசை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவக் காப்பீட்டுக்கு வருகிற ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் படித்து, எது செல்லும் எது செல்லாது என்று பிரிக்கிற வேலை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். செஞ்சி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, லேப்டாப்பை அரிசி டின் மேல் வைத்து, அந்தக் காலம் முழுக்க ஓட்டினேன். பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறுவேன். நடுவில் எல்லா நாளும் சென்னையில் பெண்கள் விடுதி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி வீட்டுக்கு வருவேன். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் இருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பொங்கல் முடிந்து வேலைக்குப் போனபோது ஆபீசில் என்னைக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, சென்னையிலேயே இருந்து ஒரு குழுவுக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் சனிக்கிழமையும் வர வேண்டியிருக்கும், ஊருக்கு மாதம் ஒருமுறை போனால் அதிகம். இல்லையென்றால் இப்போது செய்கிற வேலையையே நிரந்தரமாக வீட்டிலிருந்து செய்யலாம். அதற்குக் கதவு சாத்துகிற தனி அறை வேண்டும், ஒழுங்கான மேசை நாற்காலி வேண்டும், பூட்டு வைத்த இழுப்பறை வேண்டும். நோயாளிகளின் விவரம் பார்க்கிற வேலை என்பதால் குறிப்பெடுத்த தாள்கூட வெளியே கிடக்கக் கூடாது. இடத்தை வீடியோவில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அனுமதி. எந்த வழி என்பதை மார்ச் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் ஊருக்கு வந்ததும் கணவரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார். பிறகு, "ஒன் இஷ்டம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வருவதும் போவதும் அவருக்கு ஒன்றுதானா? திங்கட்கிழமை காலையில் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுவார். பையை எடுத்து மேலே கொடுப்பார். "போனதும் போன் பண்ணு" என்பார். அதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. மற்றவர்கள் வீட்டிலெல்லாம், போகாதே என்று சண்டையாவது போடுகிறார்கள். இவர் வேண்டாம் என்றால் இருந்துவிடலாம் என்றுதான் நான் காத்திருந்தேன். கேட்டு வாங்குகிற விஷயம் இல்லையே அது. இருக்கச் சொல்லவில்லையென்றால் சென்னைக்கே போய்விடுவது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவர் மரவாடிக்குப் போய்விட்டார். குட்டியானை வண்டியில் வேப்பம் பலகைகள் வந்து இறங்கின. யாரோ வீடு கட்டுவதற்கு அறுத்துவைத்து, வீடு கட்டாமலே விட்டுப்போன பலகைகளாம். நன்றாகக் காய்ந்திருந்தன. "டேபிளுக்கு" என்றார் அவர். இருக்கிறாயா போகிறாயா என்று கேட்கவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருக்கட்டும் என்று ஆசைப்படுகிற மனிதர் வாயைத் திறந்து சொல்லலாம். வேண்டாம் என்கிற மனிதர் எதற்கு வேப்பமரம் வாங்குகிறார்?

மாடியில் பழைய மோட்டார்களைப் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, வேலையை அங்கே ஆரம்பித்தார். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து சாயங்காலத்தில் செய்வார். வாரநாளில் நான் ஊரில் இருக்க மாட்டேன். அதனால் அந்த மேசையை நான் சனிக்கிழமை சனிக்கிழமையாகத்தான் பார்த்தேன். ஒரு வாரம் வெறும் பலகையாகக் கிடந்தது. அடுத்த வாரம் வந்தபோது நாலு கால்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அதற்கடுத்த வாரம் கால்களுக்கு நடுவே சட்டங்கள் ஏறியிருந்தன.

வேப்பமரத்தை இழைக்கிற வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் தூள் எங்கெங்கே போய் உட்காரும் என்று. மாடியில் இழைத்தால் கீழே அடுக்களையில் தயிர் கசந்தது. தலையணை கசந்தது. உதட்டை நக்கினால் கசந்தது. அத்தைக்கு மட்டும் சந்தோஷம். "வவுத்துல இருக்கிற பூச்சி எல்லாம் செத்துரும், சாப்புடு" என்று எனக்கு இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றினார். இனிப்பாக ஏதாவது சாப்பிடலாமென்று நான் வாங்கிவந்த அல்வாவும் கசந்தது.

அவர் தச்சர் செய்கிற மாதிரி எதையும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் செய்தார். காலையும் சட்டத்தையும் பசை போட்டுச் சேர்த்த இடத்தில், காயிலைக் கட்டுகிற வெள்ளை நாடாவை இறுக்கிச் சுற்றிவைத்தார். அறைக்குள் போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாங்க இது, கால் ஒடிஞ்சிபோயி மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்குது?"

"காயிலே அசையாது. இது இன்னா அசைஞ்சிடப் போவுது?" என்றார்.

அசையத்தான் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். நாடாவைப் பிரித்த பிறகு அந்த மூட்டுகளை நான் ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றன. உப்புத்தாள் போட்டு அவர் தேய்த்த விதமும் அப்படித்தான். முதலில் பெரிய உப்புத்தாள், பிறகு நைசு உப்புத்தாள், பிறகு தேய்ந்துபோன பழைய உப்புத்தாள். கன்னத்தை வைத்துப் பார் என்று சொன்னார். வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. கசப்பு வாசனை மட்டும் போகவில்லை.

இழுப்பறைக்குத்தான் அவர் அதிக நாள் எடுத்துக்கொண்டார். மேசைக்கு நடுவில், அகலமாக, ஆழமாக ஒன்று. கடையில் அவர் மேசையில் இருக்கிறதே அதே மாதிரி. இழுத்தால் சத்தமே வரவில்லை. விட்டால் தானாகப் போய் உட்கார்ந்தது. பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி எனக்குக் காட்டினார். அத்தைக்குக் காட்டினார். ரீடிங் எடுக்க வந்த கரண்ட் ஆபீஸ்காரரை மாடிக்கு அழைத்துப்போய் அவருக்கும் காட்டியிருக்கிறார். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், அந்த இழுப்பறையைப் பார்த்தபோது, இந்த மனிதர் நான் இருக்க வேண்டுமென்றுதான் நினைக்கிறார் என்று கொஞ்சம் நம்பினேன்.

கடைசியில் வார்னிஷ். எல்லோரும் கடையில் மரத்துக்கென்று விற்கிற பாலிஷை வாங்குவார்கள். இவர் காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷையே கொண்டுவந்தார். தேன் நிறத்தில் இருக்கும். அவர் சட்டையில் என்றைக்கும் வருகிற வாடை அதுதான். அது இப்போது மாடி முழுக்க நிறைந்துவிட்டது. ஏன் இது என்று கேட்டதற்கு, தண்ணீர் இறங்காது, பூச்சி அரிக்காது என்று அடுக்கிவிட்டு, கடைசியில் பெருமையாக ஒன்று சொன்னார்.

"கரண்டே பாஸ் ஆவாது. இந்த டேபிள்ல ஷாக் அடிக்கவே அடிக்காது."

"மரத்துல எந்த ஊருலங்க ஷாக் அடிக்குது?" என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷை மறுபடி வார்னிஷில் தோய்த்தார்.

காயிலைக் காயவைக்கிற மாதிரியே மேசையையும் காயவைத்தார். மேலே இரண்டு குண்டு பல்பு, அடியில் ஒன்று. ஜன்னலைச் சாத்தி, அறையையே அடுப்பாக்கிவிட்டார். பங்குனி வெயில் ஒருபக்கம். மலையெல்லாம் பாறையாக இருக்கிற ஊரில் சூடு சாயங்காலத்திலும் இறங்குவதில்லை. அதில் இந்தப் பல்பு வேறு. அந்த அறைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே அத்தை நல்ல நேரம் பார்த்திருக்கிறார். புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பீரோவுக்கு வைத்தார், வாஷிங் மிஷினுக்கு வைத்தார், என் லேப்டாப்பின் நெற்றியிலும் வைத்தார். பளபளவென்று இருந்ததால் காய்ந்துவிட்டது என்று நினைத்து, மேசையின் முகப்பில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். வார்னிஷ் காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய்த் துடைக்கத் துடைக்க, குங்குமம் வார்னிஷோடு கலந்து உள்ளே இறங்கிவிட்டது. கடையிலிருந்து வந்து பார்த்த மகனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அத்தை அசரவில்லை.

"சாமி தானா ஒட்டிக்கிச்சி. இத யாராலயும் அழிக்க முடியாது பாரு. நல்லதுதாண்டா" என்றார்.

தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசலாம் என்று கணவர் சொன்னார். நேரமில்லை. மறுநாள் காலையிலேயே வீடியோவில் இடத்தைப் பார்ப்போம் என்று ஆபீசில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சிவப்புத் தீற்றலோடு அப்படியே விட்டோம்.

சனிக்கிழமை காலையில், கடையில் வாங்கிவந்த புது நாற்காலியை அவர் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைக்கு முன்னால் போட்டார். நான் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்தேன். அவரும் அத்தையும் கதவுக்கு வெளியே நின்றார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினார். சின்ன வயது. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். போனைத் திருப்பித் திருப்பி அறையைக் காட்டினேன். கதவைச் சாத்திக் காட்டினேன்.

"மேடம், பின்னாடி போட்டிருக்கிற பேக்ரவுண்டை எடுத்துடுங்க. ஒரிஜினல் ரூம்தான் தெரியணும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் ராஜகிரி மலையும் மேலே கோட்டையும் தெரிந்தன. அதை ஏதோ படம் என்று நினைத்திருக்கிறார்.

"அது ஜன்னல் மேடம். மலை அங்கேயேதான் இருக்குது. எடுக்க முடியாது" என்றேன். வெளியே அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார். குங்குமம் என்றதும் மேலே கேட்கவில்லை. இழுப்பறையைப் பூட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு, "உங்க சீட்ல உக்காந்து, டைப் பண்ற மாதிரி காட்டுங்க" என்றார்.

போனை மேசைமேல் வைத்து, சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். எப்போதும் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்தேன். அதாவது, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்தேன். முட்டி இரண்டும் இழுப்பறையில் மடேரென்று இடித்தன. மேசை குலுங்கி, போன் கவிழ்ந்து கீழே விழுந்தது.

"மேடம்? மேடம், நார்மலா உக்காருங்க மேடம்" என்று தரையைப் பார்த்தபடி போன் பேசியது.

காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, அனுமதி திங்கட்கிழமை மெயிலில் வரும், உங்கள் முடிவை மாதக் கடைசிக்குள் எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் தொண்டூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. படித்ததெல்லாம் தரையில் சம்மணம் போட்டுத்தான். அதற்காக வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் எனக்குக் காலை மடக்கினால்தான் மூளை ஓடும். பள்ளிக்கூடத்து பெஞ்சிலும் மடக்கித்தான் உட்காருவேன். பரீட்சை ஹாலில் வாத்தியார் அதட்டினால் கீழே விடுவேன், அவர் நகர்ந்ததும் மறுபடி மடக்குவேன். சென்னை ஆபீசிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை மடிமேல் போட்டு மூடிக்கொண்டு, நாற்காலிமேல் சம்மணம்தான். அங்கே மேசைக்கு நடுவில் இழுப்பறை இல்லை, பக்கத்தில் தனிப் பெட்டி இருக்கிறது. அதனால் இப்படி ஒன்று இடிக்கும் என்று எனக்கும் தோன்றவேயில்லை. காலைத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் எனக்குக் கால் வீங்கும், கவனம் சிதறும், ஒரு பில்லும் நகராது.

அவர் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஓகேன்னுட்டாங்க இல்ல?" என்றார்.

"எனக்கு ஓகே இல்ல. முட்டி இடிக்குது."

குனிந்து பார்த்தார். "காலத் தொங்கப் போட்டா இடிக்காது. நான் ஒக்காந்து பாத்துதான் அளவு எடுத்தேன்."

"நீங்க ஒக்காந்து பாத்தீங்க. இதுல வேல செய்யப் போறது நானு."

"சேருன்னா எல்லாரும் எப்படி ஒக்கார்றாங்களோ அப்படி ஒக்காரணும்."

"எல்லாருக்கும் செஞ்சீங்களா, எனக்குச் செஞ்சீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. வாசலில் நின்ற அத்தை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சேரு மேல சம்மணம் போடறவ நம்ம வீட்டுல இவதான். பொண்ணு பாக்கப் போனப்பவே நான் பாத்தேனே. போட்டோ புடிக்கிறதுக்கு சேர்ல ஒக்கார வெச்சாங்க, கால மடக்கிக்கினு ஒக்காந்தா" என்றார்.

"அத இப்ப வந்து சொல்றியா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"நீ கேட்டியா?"

அவர் கடைக்குப் போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கு ஒரு பார்வையில் தெரிந்தது இவருக்கு இத்தனை வருஷத்தில் தெரியவில்லை. ஒரே கூடத்தில் டிவி பார்த்திருக்கிறோம், கல்யாண மண்டபங்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். பாயில் உட்கார்ந்து நான் வேலை செய்த காலம் முழுக்க என்னைத் தாண்டித்தான் கடைக்குப் போனார். இந்த மனிதர் என்னைப் பார்த்ததே இல்லை என்று பட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாருக்கோ மேசை செய்திருக்கிறார், அதில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும், நான் சென்னைக்குப் போகிறேன் என்று தீர்மானமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உம்மென்று இருந்தோம். திங்கட்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பையை எடுத்துக் கொடுத்தார். "போனதும் போன் பண்ணு" என்றார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

அனுமதி மெயில் வந்துவிட்டது. சென்னைப் பொறுப்பையே எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதிவைத்தேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். ஏன் அனுப்பவில்லை என்றால் எனக்குத் தெரியாது. கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. அத்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன்.

"ஆபீஸ்ல எப்படி ஒக்காந்துருப்பியோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சைடுல ஒன்னு, முன்னாடி ஒன்னு. முட்டி தெரியணும்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் போனைக் கொடுத்து, துப்பட்டாவை எடுத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரர் கேட்கிறார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி எடுத்துக்கொடுத்தாள். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அவரே கூப்பிட்டார். ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்கு எத்தனை ஜாண் என்று கேட்டார். அளந்து சொன்னேன். எந்த முட்டி மேலே நிற்கும் என்று கேட்டார். அதை நான் அதுவரை யோசித்ததில்லை. பார்த்துவிட்டு, வலது என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு மாடிக்குப் போனேன்.

அவர் ரம்பத்தால் அறுத்திருந்தார். முகப்பில் குறுக்கே போன சட்டத்தின் நடுப்பாகத்தை எடுத்துவிட்டார். அத்தனை நாள் செய்து ஊருக்கெல்லாம் காட்டிய இழுப்பறையைக் குறுக்கி, பாதியாக்கி, இடது பக்கம் ஓரமாக மாட்டியிருந்தார். தேன் நிறத்துக்கு நடுவே அறுத்த இடங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன. அறைக்குள் மறுபடியும் கசப்பு வாசனை. சட்டத்தை எடுத்ததால் மேசை லேசாக ஆடியது. அதற்காக அவர் அடியில் படுத்துக்கொண்டு மூலைகளுக்கு இரும்புப் பட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? ஒக்காரு" என்றார் அடியிலிருந்து.

உட்கார்ந்தேன். காலை மடக்கி, நாற்காலியை இழுத்தேன். முட்டி எதிலும் படவில்லை. கீழிருந்து அவர் கையை நுழைத்து, என் முட்டிக்கும் பலகைக்கும் நடுவே விரித்துப் பார்த்தார்.

"கை போவுது. இடிக்குதா?"

"இடிக்கல."

"வலது பக்கம்?"

"இடிக்கலங்க."

கொஞ்ச நேரம் ஸ்க்ரூ முடுக்குகிற சத்தம். பிறகு, "ஆபீசுக்கு இன்னான்னு எழுதின?" என்றார். இந்த இரண்டரை மாதத்தில் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இன்னும் அனுப்பல. ஒன் இஷ்டம்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. நான் எங்க இருந்தா உங்களுக்கு இன்னா?"

சத்தம் நின்றது. அவர் வெளியே வரவில்லை. முகம் தெரியாத இடத்திலிருந்தே பேசினார்.

"திங்கக்கெழம ஒன்ன பஸ் ஏத்திட்டு நேரா கடைக்குப் போறேன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

"வேற எங்க போவீங்க?"

"எங்கயும் போவமாட்டேன். பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்துருப்பேன். வெயில் ஏர்ற வரைக்கும் ஒக்காந்துருப்பேன். டீக்கடைக்காரன் கேப்பான், அண்ணி போயி எவ்ளோ நேரம் ஆச்சி, இன்னும் இன்னாண்ணேன்னு. ஒருவாட்டி மனசு கேக்கல. அடுத்து வந்த பஸ்ல ஏறிட்டேன். திண்டிவனம் வரைக்கும் வந்துட்டு, வந்து இன்னா சொல்றதுன்னு தெரியாம எறங்கித் திரும்பி வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "இத ஏங்க எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ வேலய வுட்டுட்டு வந்துருவ. கஷ்டப்பட்டுப் படிச்சி வாங்கின வேல. அப்பால ஆயுசுக்கும் அத எம்மேல சொல்லிக் காட்டுவ."

காட்டியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

"இப்ப வேலய வுட வேண்டியதில்ல இல்ல? இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுங்க. போவாதன்னு ஒருவாட்டி சொல்லுங்க" என்றேன்.

"போவாத" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து, முன்பு எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று எழுதினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.